மேரி விக்மன் சரித்திரமும் அதன் திருத்தமும்

ஒரு கலைஞரின் வாழ்க்கை வரலாறு ஒருமுறை அச்சேறிவிட்டால், அதனோடு அவர் கதை முடிந்ததென்று கருதுவார் பலர். புதிய பதிப்பு என்பது அச்சுப்பிழை களைந்து, படம் சில சேர்த்து, அட்டையை மாற்றித் தருவதே என்பது அவர் எண்ணம். அங்ஙனமன்றி, முன் எழுதிய வரலாற்றின் பொருளையே மீண்டும் ஆராய்ந்து திருத்தப் புகுவாரைக் கண்டால், 'இறந்தாரைத் தோண்டி எடுத்து இகழ்தல் முறையோ?' என்னும் குரல் எழுகின்றது. அக்குரலுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசின் பொருள் விளங்காதாகலின், ஜெர்மனி தேசத்தில் புதுமை நாட்டியத்திற்கு வித்திட்ட மேரி விக்மன் அம்மையாரின் வரலாற்றை எடுத்துக்கொள்வாம்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஹனோவர் நகரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் கரோலினே சோஃபி மரீ வீக்மன் என்பது. அதனைப் பின்னர்ச் சுருக்கி மாற்றிக்கொண்டார். ஆடல் பயிலப் புகுந்தபோது அவர் சிறுமி அல்லர்; இருபது வயதைக் கடந்தவர். கால்விரல் நுனியில் நிற்கும் பழைய பாலே முறைக்கு உடலை வளைக்கும் பருவம் கழிந்துவிட்டமையே அவர்க்கு நன்மையாயிற்றுப் போலும். முதலில் ஹெலராவில் டால்குரோஸ் என்பாரிடம் தாளத்தை உடலால் உணரும் முறையைக் கற்றார். அங்கே இசையே தலைவன். உடல் அதன் ஏவலாள். அவ்வேவல் அவர்க்குப் பொருந்தவில்லை. 1913-இல் ஸ்விட்ஸர்லாந்தின் அஸ்கோனா மலைப்புறத்தில், மாணவர் சிலரை வைத்துக்கொண்டு அசைவின் இலக்கணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ருடால்ஃப் லாபன் என்பாரை அடைந்தார். இசையின் துணையின்றியும் ஆடல் தன் காலில் நிற்கும் என்பது அங்கே தெளிவாயிற்று. 'சூனியக்காரி நடனம்' என்னும் அவரது தனியாடல் முதன்முதல் 1914-இல் உருப்பெற்றது. பெரும்போர் முடிந்தபின், 1920-இல், டிரெஸ்டன் நகரில் தமக்கெனப் பள்ளி ஒன்று நிறுவினார்.

அச்சூனியக்காரியை 1926-இல் அவர் மீண்டும் புதிதாய்ப் படைத்தார். அதன் சிறு பகுதியொன்று படச்சுருளில் எஞ்சியிருப்பது நம் பேறு. ஆடுவோர் நிற்கவில்லை, தரையில் அமர்ந்திருக்கின்றார். முகத்தில் முகமூடி, மேனியில் மின்னும் சரிகைப் பட்டு. விரல்கள் காற்றைக் கீறிக் கிழிக்கின்றன. முழங்கால்களைப் பற்றி விரித்து மூடுகின்றன. அமர்ந்தபடியே கால்கள் நிலத்தை உதைத்துச் சுழன்று முன்னேறுகின்றன. பின்னணியில் சேகண்டியும் பறையும் அன்றி வேறு வாத்தியம் இல்லை. பெண் என்பவள் மேடையில் அழகாய்த் தோன்றி மகிழ்விக்க வேண்டியவள் என்ற கொள்கை அவ்விரண்டு நிமிடத்திற்குள் உடைந்து போகின்றது. அவரை முன்னோடி என்று சொல்வார் சொல்வது புகழுரையன்று, கண்கூடான உண்மை. பாலுக்கா, க்ராய்ட்ஸ்பர்க், ஹன்யா ஹோம் முதலிய பெரியோர் அவர்பால் பயின்று வந்தோரே. 1930 முதல் 1933 வரை மூன்று முறை அமெரிக்கா சென்று ஆடினார்; 1931-இல் நியூயார்க்கில் அவர் பெயரால் ஒரு பள்ளியும் தோன்றிற்று; அதனை நடத்தச் சென்றவர் ஹன்யா ஹோம். இந்நாளில் அமெரிக்கப் புதுமை நாட்டியத்தின் வேர்களை எண்ணுவோர் அப்பள்ளியையும் சேர்த்தே எண்ணுகின்றனர்.

இதுவரை சிக்கல் ஒன்றுமில்லை. 1933-ஆம் ஆண்டு வந்தவுடனேதான் வரலாறு எழுதுவோரின் பேனா தயங்குகின்றது. ஹிட்லர் ஆட்சி தொடங்கிய அவ்வாண்டு முதல், போர் முடிந்த 1945 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளையும் நெடுங்காலம் பல குறிப்புகள் இரண்டொரு வாக்கியத்தில் தாண்டிச் சென்றன. 'நாஜியர் இவர் கலையை வெறுத்தனர், பள்ளியை மூடினர், போருக்குப் பின் மீண்டும் கற்பித்தார்' என்பதே அச்சுருக்கத்தின் சாரம். படிப்போர் மனத்தில் துன்புற்ற தூயவர் ஒருவரின் உருவம் நிற்கும். அச்சுருக்கத்தில் முழுப் பொய் இல்லை என்பதுதான் அதன் வலிமை. 1936-க்குப் பின் அரசாங்கத்தின் ஆதரவு குறைந்ததும், 1942-இல் டிரெஸ்டன் பள்ளியை அவர் கைவிட நேர்ந்ததும் மெய்யே. ஆனால், அதற்கு முன் நடந்தவை?

1934-இலும் 1935-இலும் கோயபல்ஸின் பிரசார அமைச்சின் ஆதரவில் பெர்லினில் ஜெர்மன் நாட்டிய விழாக்கள் நடந்தன. இரண்டிலும் விக்மன் தம் குழுவோடு ஆடினார். 1935-இல் 'ஜெர்மானிய நாட்டியக் கலை' என்னும் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். தம் கலையை ஜெர்மானியத் தன்மையின் வெளிப்பாடாகவே அதில் நிலைநாட்ட முயன்றார். 1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பெர்லின் ஒலிம்பிக் பந்தயத் தொடக்கத்தன்று இரவு, பேரரங்கில் 'ஒலிம்பிக் இளைஞர்' என்னும் மாபெருங் காட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பங்குகொண்ட அக்காட்சியில், வாளேந்திய வீரர் போரிட்டு மடியும் பகுதியை அடுத்து, மடிந்தோர்க்காகப் பெண்கள் அரற்றும் ஆடலை அமைத்து முன்னின்றவர் விக்மன் அம்மையாரே. தாயகத்திற்காக உயிர்நீத்தல் பெருமை என்பதே காட்சியின் கருத்து. மூன்றாண்டு கழிந்து அவ்வரசு எப்போரைத் தொடங்கிற்று என்பதை அறிந்த நாம், அவ்வரற்றலை வெறும் அழகுக் காட்சியாகக் காணல் இயலுமோ?

இவற்றையெல்லாம் வெளிக்கொணர்ந்தோர் பகைவர் அல்லர். அவர் கலையில் ஆழ்ந்து ஈடுபட்டோரே. ஹெட்விக் முல்லர் 1986-இல் எழுதிய வரலாறு, அம்மையாரின் நாட்குறிப்புகளைத் துணைக்கொண்டது. அமெரிக்கப் பேராசிரியர் சூசன் மானிங் 1993-இல் வெளியிட்ட நூல் அவர் ஆடல்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் பெண்ணுரிமையும் தேசிய வெறியும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்று வினவிற்று. லிலியன் காரினாவும் மரியன் காண்டும் 1996-இல் வெளியிட்ட நூலோ அவ்வரசின் கடிதங்களையும் ஆவணங்களையுமே அச்சிட்டுக் காட்டிற்று. இவர்களெல்லாம் எழுதிய பின்னரும், பழைய சுருக்கத்தையே படியெடுத்து வருவோரைக் குறித்தே என் குறை.

மறுப்போர் கூற்றுகளைப் பார்ப்போம். ஆடலில் சொல் இல்லை. சொல் இல்லாத கலைக்கு அரசியல் ஏது என்பர் ஒரு சாரார். கேட்க இனிதாயிருப்பினும் இவ்வாதம் நில்லாது. சொல் இல்லாமையால்தான் நாட்டியத்தை எவ்வரசும் எளிதில் தன் கொடியின் கீழ் நிறுத்திக்கொள்கின்றது. ஒரே கைவீச்சு, பொதுமக்கள் கூடிய சிற்றரங்கில் ஒரு பொருள் தரும். கொடிகள் சூழ்ந்த பேரரங்கில் வேறு பொருள் தரும். எங்கே, எவர் அழைப்பில், எவர் பொருட்செலவில் ஆடப்பட்டது என்று சொல்லாத வரலாறு, ஆடலையும் சொல்லாத வரலாறேயாம். மேலும், 'அரசியல் எமக்கு வேண்டா' என்னும் விதியை அரசாங்கம் விக்மனுக்கு விட்டுவைக்கவில்லை. ஆசிரியர் குலம் எது, மாணவர் குலம் எது என்னும் கேள்விகளோடு அது பள்ளிக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

மற்றொரு சாரார் கூறுவது இதனினும் கனமானது. 'அக்காலத்தில் அவ்விடத்தில் இருந்திராத நாம், நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பளித்தல் எளிது. நாற்பத்தாறு வயதில், பதின்மூன்றாண்டு உழைத்து வளர்த்த பள்ளியை விட்டு எங்கே போவார்?' என்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு; ஆதலால் அதனை வினாவாக விட்டுவிடாமல் விடையை வரலாற்றிலேயே தேடவேண்டும். தேடினால் கிடைப்பது யாது?

குர்ட் யோஸ் என்பார் லாபனின் மாணவர். 'பச்சை மேஜை' என்னும் போரெதிர்ப்பு ஆடலால் 1932-இல் பாரிஸில் பரிசு பெற்றவர். இசையமைத்த கோஹன் முதலிய யூதத் தோழரை நீக்குமாறு அவரிடம் சொல்லப்பட்டது. அவர் இணங்காது, 1933-இலேயே தம் குழுவோடு நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் இங்கிலாந்தில் தங்கினார். அமெரிக்காவில் மார்த்தா கிரஹாம் என்பார்க்கு 1936-இன் பெர்லின் நாட்டிய விழாவில் ஆட அழைப்பு வந்தது. கலைஞர் துன்புறுத்தப்படும் நாட்டில் ஆடுதல் இயலாது என்றும், தம் குழுவில் யூதப் பெண்கள் உள்ளனர் என்றும் எழுதி அவர் மறுத்துவிட்டார். கடலுக்கு அப்பால் இருந்தவர்க்கு மறுத்தல் எளிது என்னலாம். யோஸுக்கு அங்ஙனம் கூற இயலாது. லாபனின் கதையோ இரண்டுக்கும் இடைப்பட்டது. அவ்வரசின் கீழ் நாட்டியத் துறைக்கே தலைமை வகித்து விழாக்களை நடத்தியவர் அவர். 1936 ஜூனில் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டு அவர் ஒத்திகை பார்த்த பெருங்காட்சி கோயபல்ஸுக்குப் பிடிக்கவில்லை, தடை விழுந்தது. அதன் பின்னரே பாரிஸ் சென்று, 1938-இல் இங்கிலாந்து சேர்ந்தார். அவரையும் நெடுநாள் அகதி என்ற ஒரு சொல்லால் மூடி வைத்தனர்.

இத்தனை பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விக்மனைக் கொடியவர் என்று சொல்லத் தோன்றுவதில்லை. வேறு வழியே இல்லாதவர் என்றும் சொல்லத் தோன்றுவதில்லை. 1933-இல் அமெரிக்கப் பயணம் முடித்து டிரெஸ்டனுக்கு மீண்டவர் அவர். அவர் பெயரால் நியூயார்க்கில் ஒரு பள்ளியே இருந்தது. தாம் வளர்த்த கலை தம் மண்ணில் மட்டுமே வேர்கொள்ளும் என்று அவர் நம்பினார் என்று கொள்ளலாம். அந்நம்பிக்கையைப் புதிய அரசு பயன்படுத்திக் கொண்டது. அவரும் அரசைச் சில ஆண்டு பயன்படுத்திக் கொள்ளப் பார்த்தார். இவ்விரு வாக்கியங்களில் எதனை விட்டாலும் படம் கோணும்.

ஆசிரியை மீண்டதன் விலையைக் கடலுக்கப்பால் மாணவி கொடுக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் நாஜி எதிர்ப்புணர்ச்சி வளர வளர, விக்மன் என்னும் பெயர்ப்பலகையைத் தாங்கிய பள்ளி இழிசொற்கு ஆளாயிற்று. 1936-இல் ஹன்யா ஹோம் அப்பெயரை எடுத்துவிட்டுத் தம் பெயரால் பள்ளியை அழைத்தார். கற்பித்தவரை விட்டுக்கொடுக்காமலும், அவர் சென்ற வழியே செல்லாமலும் ஒரு பெண் தனியே நின்ற இச்செய்தியைப் பழைய சுருக்கங்கள் 'பள்ளி பெயர் மாறிற்று' என்று மட்டும் சொல்லும். ஏன் மாறிற்று என்பதைச் சொன்னாலன்றோ ஹோமின் பெருமை விளங்கும்! ஆசிரியையின் குறையை மறைக்கப் போய் மாணவியின் நிறைவையும் மறைத்துவிட்டோம்.

நிற்க. திருத்துவோரிடத்தும் ஒரு குற்றம் நேர்வதுண்டு. 1936-ஐக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், 1914 முதலே எல்லா ஆடலிலும் நாஜி விதையைத் தேடிப் புறப்பட்டு விடுவார் சிலர். முகமூடி கண்டால் வெறி. குழுவாய் ஆடினால் கூட்டப் பித்து. பறை கேட்டால் படை. இது வரலாறன்று, தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடுதல். முகமூடியும் பறையும் பொதுவுடைமைக் கட்சியாரின் மேடைகளிலும் இருந்தன. மானிங் தம் நூலை 2006-இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டபோது, புதிய முன்னுரை ஒன்று எழுதிச் சேர்த்தார். 'பெண்ணுரிமையும் தேசியமும்' என்று முதற்பதிப்பின் தலைப்பில் நின்ற சொற்களையும் நீக்கி, 'மேரி விக்மனின் ஆடல்கள்' என்றே குறித்தார். நூற்பெயரில் இரண்டொரு சொல் மாறுதல் சிறு செய்தியாகத் தோன்றலாம். பிறரைத் திருத்திய ஒருவர், பதின்மூன்று ஆண்டு கழித்துத் தம்மையும் மீண்டும் பார்த்துக்கொண்டார் என்பது எனக்குச் சிறு செய்தியாகத் தோன்றவில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை புதியதன்று. ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர் ஒரு பாடத்தை மேலே வைத்து, ஏனைப் பிரதிகளின் பாடபேதத்தைக் கீழே காட்டுவர்; பின் நல்ல பிரதி ஒன்று கிடைப்பின், முன் கொண்ட பாடத்தைக் கீழிறக்கவும் தயங்கார். முதற்பதிப்பாசிரியரை இகழ்ந்ததாக எவரும் அதனைக் கொள்வதில்லை. நம்மிடத்து மற்றொரு வழக்கமும் உண்டு. கல்வெட்டு மெய்க்கீர்த்திகளில் அரசன் வென்ற நாடுகளின் வரிசை நீண்டு செல்லும். தோற்ற களம் ஒன்றும் இராது. சரித்திர ஆசிரியன் அவற்றை ஒதுக்குவதில்லை; பகைவன் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கின்றான். கலைஞர் வரலாறுகளுள் பல இன்னும் மெய்க்கீர்த்தி நிலையிலேயே இருக்கின்றன என்பது நம் கருத்து. (இக்கட்டுரையில் 'அம்மையார்' என்றும் 'ஆடினார்' என்றும் எழுதும்போதே ஒரு வணக்கம் நம் மொழியில் தானே புகுந்துவிடுகின்றது. அதனை நீக்கி 'ஆடினாள்' என்றால் வசைபோல் ஒலிக்கின்றது. தமிழில் இவர் வரலாற்றை எழுதுவோர் இவ்விடர்ப்பாட்டை நினைவில் கொள்க. மரியாதைப் பன்மை மன்னிப்புச் சீட்டு ஆகிவிடலாகாது.)

திருத்தம் எங்கே இடம்பெறுதல் வேண்டும் என்பதும் ஆராயத்தக்கது. முன்னூறு பக்கப் புகழ்மாலையை அப்படியே விட்டு, இறுதியில் 'நாஜியர் காலம்' என்று பதினைந்து பக்கப் பிற்சேர்க்கை ஒட்டுவார் உளர். அப்பிற்சேர்க்கையைப் படியாமலே நூலை முடித்துவிடலாம். பலர் அதுவே செய்வர். 1935-இன் ஆடலை விளக்கும் பக்கத்திலேயே அவ்விழாவின் தலைவர் யார் என்பது வரவேண்டும். 1957-இல் மேற்கு பெர்லினில் அவர் ஸ்டிராவின்ஸ்கியின் 'வசந்தப் பலி'யைக் குழு ஆடலாக அமைத்தார். இனத்தின் வாழ்விற்காக ஒரு பெண் பலியாகும் கதை அது. அதனை விளக்கும்போது, இருபத்தோராண்டுக்கு முன் பேரரங்கில் அவர் அமைத்த அரற்றல் படிப்போர் நினைவிற்கு வரும்படி எழுதுதல் வேண்டும். ஒரே கையே இரண்டையும் படைத்தது. முன்னதை அறிந்தவர்க்குப் பின்னது ஆழ்ந்து தோன்றுமேயன்றிக் குறைந்து தோன்றாது.

விக்மனின் புகழ் குறையுமோ என்று அஞ்சுவோர், அவ்வச்சத்தால் யார் பெயர் இதுகாறும் விடுபட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. யூத இனத்தைச் சேர்ந்த தாத்யானா பார்பகோஃப் 1920-களில் ஜெர்மானிய மேடைகளில் பெரும்புகழ் பெற்றிருந்தவர். 1933-இல் பிரான்ஸுக்குத் தப்பிச் சென்றார். 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ஓடா ஷோட்முல்லர் விக்மனின் மாணவி ட்ரூம்பி நடத்திய பள்ளியில் பயின்றவர், சிற்பியுமாவார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து மறைவாய் உழைத்த குழுவோடு சேர்ந்தமைக்காக 1943 ஆகஸ்டில் பெர்லின் சிறையில் அவர் தலை துணிக்கப்பட்டது. விக்மனின் கலைமரபில் வந்த ஒரு பெண் இவ்வாறும் வாழ்ந்தாள் என்பது விக்மன் சரித்திரத்தைச் சேராதோ? அப்பன்னிரண்டு ஆண்டுகளை இரண்டு வாக்கியத்தில் தாண்டினால் இவர்கள் நிற்க இடமே இல்லை.

1942-இல் தமக்கு ஐம்பத்தைந்து வயதானபோது, விக்மன் தனியாடல்களிலிருந்து விலகுமுன் 'விடையும் நன்றியும்' என்னும் ஆடலை ஆடினார். அதன் படச்சுருளும் எஞ்சியுள்ளது. விரைவில்லை, பறை இல்லை, கைகள் மெல்ல எழுந்து விரிந்து தாழ்கின்றன. அதன் நிழற்படத்தைப் பழைய நூல்கள் கலைஞரின் பிரியாவிடை என்று மட்டும் குறித்து அச்சிடும். அடுத்த பதிப்பிற்குப் படக்குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைக்குமாயின், ஆடலின் பெயரையும் ஆண்டையும் எழுதி, அவ்வாண்டே டிரெஸ்டன் பள்ளி அவர் கையை விட்டுப் போயிற்று என்றும், அவ்வாண்டே ஷோட்முல்லர் பெர்லினில் சிறைப்பட்டார் என்றும் அதன் கீழேயே, அதே எழுத்தளவில், சேர்த்து எழுதுவேன்.